கூட்டு எண் எட்டு

"இந்தத் தனிக்குறிக்கு உரியவருக்குச் சிறுநீரகம் பொருத்தியாகிவிட்டது. இருப்பது மிகுதி. மாலையில் கரைக்கப்படும்."

உறுப்பு வளர்ப்புக்கூடத்தின் திரை மறுபடியும் அதையே சொன்னது. உரியவனான சிற்றரசு மூச்சு வாங்கியபடி கட்டிலில் கிடந்தான். அவன் உடம்பில் ஒரு தையல்கூட இல்லை. அவனுக்காகவே வளர்த்த சிறுநீரகம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"என்னம்மா இது, ஆளு இங்கதான கெடக்காரு?" என்று அவன் மனைவி பவளக்கொடி பொறியாளர் நஸ்ரினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

செவ்வாயின் குவிமாட நகரங்களில் மூச்சுக்காற்று முதல் மருந்து வரை எல்லாம் ஆளுக்கொன்றான தனிக்குறியை வைத்துத்தான். புழுதிப்புயல் அடித்தால் மாடங்களுக்கிடையே தொடர்பு அறுந்துவிடும். தலைமையிடத்தைக் கேட்டு எண் வாங்க முடியாது. அதனால் ஒவ்வொரு மாடத்துக் குறியாக்கியும் தானே ஒரு குறியைப் படைக்கும்: பிறப்பைப் பதிந்த நொடி, கூடவே எந்த ஒழுங்கும் இல்லாமல் தானாக விழும் ஒரு குருட்டெண். கணக்குப்படி, சூரியன் அணையும்வரை இரண்டு குறிகள் மோத வாய்ப்பில்லை.

மோதியிருந்தன. வடமாடத்தில் செங்கோடன் என்று ஒருவன். அதே நொடி, அதே எண். போன வாரம்தான் அவனுக்குச் சிறுநீரகம் மாற்றியிருந்தார்கள்.

"அக்கா, இவருக்குக் குறி பதிஞ்சப்ப யாராச்சும் கை வச்சாங்களா?"

பவளக்கொடி தயங்கினாள். "எங்க மாமியார் முகூர்த்தம் தொடங்குற நொடி பாத்து அமுக்குனாங்களாம். எண்ணும் சோசியர் எழுதிக் குடுத்ததுதான். கூட்டுனா அஞ்சு வரும்."

விசாரித்ததில், அதே சோசியர்தான் செங்கோடன் வீட்டுக்கும். நஸ்ரினுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. செவ்வாயிலேயே குடியிருந்துகொண்டு செவ்வாய் தோஷம் பார்க்கிற ஊர் இது, வேறென்ன நடக்கும்?

குறியாக்கியை ஒரே ஒருமுறை அமுக்கிப் புதுக்குறி எடுத்தாள். பவளக்கொடி விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தாள். முகம் சுண்டிவிட்டது.

"எட்டு வருதும்மா. வேற போடக் கூடாதா?"

"எட்டு விழுந்தா எல்லாருமே இப்படித்தான்க்கா மாத்திக்கிறீங்க. இந்தக் கிரகத்துல எட்டு வச்சிருக்கிற ஆள் ஒருத்தர்கூட இல்ல. இவரோட மோத யாரு இருக்கா?"

பவளக்கொடி வாயைத் திறப்பதற்குள் சிற்றரசு கட்டிலிலிருந்து முனகினான். "எட்டையே போடுங்கம்மா."

சிறுநீரகத்துக்கும் அவனுக்கும் புதுக்குறியை ஏற்றியதும் கண்ணாடிக் கதவு திறந்தது. மறுநாள் அவன் கண்விழித்துக் கஞ்சி கேட்டபோது பவளக்கொடி வாய்விட்டு அழுதாள். அத்தனை நிம்மதி. நஸ்ரினும் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

எட்டு உயிர் காத்த கதை எல்லா மாடங்களுக்கும் பரவியது. அடுத்த மாதம் நஸ்ரின் புதிய பிறப்புகளைத் திரையில் வரவழைத்தாள். கூட்டிப் பார்க்கவே தேவைப்படவில்லை. அத்தனை குழந்தைகளுக்கும் சிற்றரசின் குருட்டெண். அதுவும் ஒரே முகூர்த்தம் தொடங்கும் நொடியில்.