தாளை மடித்து வையுங்கள்

சளக்!

மழை நின்று ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கிரேக்க நாட்டு வோலோஸ் நகரின் துறைமுகச் சாலையில் தேங்கியிருந்த அத்தனை தண்ணீரும் ஆஸ்பசியாவின் வெள்ளைக் கோட்டின் மேல்.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று கத்தினாள்.

மோட்டார்சைக்கிளை நிறுத்தித் திரும்பினான் அவன். எஞ்சின் எண்ணெய் படிந்த கைகள்... இமையில் தொங்கும் மழைத்துளி... பழுப்புக் கண்கள்.

"நடு ரோட்டுல நின்னு போன் பாத்தா தண்ணி தெறிக்காம பன்னீரா தெறிக்கும்? மழை நாள்ல வெள்ளைக் கோட்டு வேற!"

அதோடு விட்டானா? சாலைப் பள்ளம், நகராட்சி, குடையை விரிக்காமல் கையில் வைத்திருக்கும் பெண்கள் என்று ஐந்து நிமிடம் மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளிவிட்டுப் போனான். அவளுக்கு இடையில் புக இடமே கிடைக்கவில்லை. அந்தக் கண்கள் மட்டும்... சே, கண்ணாவது மண்ணாவது!

அன்று மாலை ஆறு மணிக்கு, அவள் நடத்தும் ஆங்கில வகுப்பின் கடைசி பெஞ்சில் புதிதாக ஓர் ஆள். அதே கண்கள்!

பெயர் ஸ்ட்ராட்டோஸ். படகு எஞ்சின் மெக்கானிக். ஆறு வாரத்தில் ரோட்டர்டாம் கப்பல் கம்பெனி ஒன்றில் வேலைக்கான நேர்காணல், ஆங்கிலத்தில். தேறினால் மூன்று வருடம் அங்கேதான்.

"சனி ஞாயிறு எப்படிப் போச்சு?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

எழுந்தான். விழித்தான். பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தான்.

"இக்காலத்தில் சுற்றுச்சூழல் மாசு ஒரு பெரும் பிரச்சினையாக விளங்குகிறது..."

ஆஸ்பசியா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். இந்த ஊரில் எல்லாரும் இப்படித்தான். சின்ன வயதிலேயே டியூஷனில் சேர்த்து, பரீட்சைக்கென்று இருபது கட்டுரைகளை உருப்போட வைத்துவிடுகிறார்கள். இதே வகுப்பில் படிக்கும் மருந்துக்கடை போலிக்சேனி அம்மாளிடம் பெயரைக் கேட்டால்கூட 'தொழில்நுட்பத்தின் நன்மை தீமைகள்'தான் வரும். "பேப்பர் இல்லாம பேசுங்க!" என்று பதினோரு வருடமாகக் கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

"காலையில அஞ்சு நிமிஷம் என்னைத் திட்டினீங்களே... அதை யாரு எழுதிக் குடுத்தா?"

"அது... கோவத்துல தானா வந்துடுச்சு டீச்சர்."

தானாக வந்ததா? அப்படியா சேதி!

மறுநாளிலிருந்து ஆங்கிலத்திலேயே வம்புக்கு இழுத்தாள். உன் வண்டி காயலான் கடைக்குத்தான் லாயக்கு என்றாள். துறைமுகக் கடையில் சுடும் ஆக்டோபஸ் செருப்புத் தோல் என்றாள்.

அவன் கையிலிருந்த தாள் கீழே விழுந்தது.

"செருப்பா? எந்தக் கடை? எப்ப சாப்பிட்டது நீங்க? சொல்லணும் இப்பவே!"

தப்பும் தவறுமாகத்தான். ஆனாலும் ஆங்கிலம்! போலிக்சேனி அம்மாளும் ஆவேசமாக எழுந்துவிட்டாள், அவளும் ஆங்கிலத்தில்தான். "அதுமேல எலுமிச்சம்பழம் பிழியத் தெரியாதவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்!"

வகுப்பில் சண்டை. வகுப்பு முடிந்து பஸ் நிறுத்தம் வரை சண்டை. சண்டை இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஏன் இப்படி நகர மறுக்கிறது என்று ஒருநாள் யோசித்தவள், திடுக்கிட்டுப் போனாள். அவன் பேச்சு தேறத் தேற அவன் போகும் நாளும் நெருங்கியது. அவளே கற்றுக்கொடுத்து, அவளே அனுப்பி வைக்கப்போகிறாள்! போகாதே என்று சொல்லலாம்தான். ஆனால் மாணவனிடம் போய்... டீச்சருக்கு மானம் இல்லையா? சொல்லமாட்டாள்.

நேர்காணல் நாளன்று, அவன் அதை முடித்துவிட்டு வகுப்புக்கு வருவதற்குள் வழியனுப்பும் வார்த்தைகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டாள்.

மழையில் தொப்பலாக நனைந்து வந்தான்.

"ஊரை விட்டு ஏன் வர்றீங்கன்னு கேட்டாங்க டீச்சர். பதிலை நல்லா மனப்பாடம் பண்ணிட்டுத்தான் போனேன். வாயைத் திறந்தா... வேற என்னமோ வந்துடுச்சு."

"என்ன?"

"எனக்கு வர இஷ்டமில்ல, என்கிட்ட சண்டை போட இங்க ஒருத்தி இருக்கான்னு சொல்லிட்டேன். சிரிச்சாங்க. அப்ப வீட்டுக்குப் போப்பான்னு அனுப்பிட்டாங்க."

"முட்டாள்! ஆறு வாரம் உயிரைக் குடுத்துச் சொல்லித் தந்தா..."

கோபமா, சந்தோஷமா... அவளுக்கே தெரியவில்லை. பதற்றத்தில் கையிலிருந்த தாளைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினாள்.

"தங்கள் எதிர்காலம் சிறக்க..."

அவன் அதை மெல்ல வாங்கி நாலாக மடித்தான்.

"பேப்பர் இல்லாம பேசுங்க டீச்சர்."

வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தைகூட வரவில்லை. அவன் அவசரப்படுத்தாமல் காத்திருந்தான், அவள் யாருக்கும் காட்டாத பொறுமையோடு.

"எங்கயும் போகாத... நீயின்றி என் வாழ்வு... ச்சே, கட்டுரை மாதிரி வருது! உன்னைப் பிடிச்சிருக்கு. அந்த ஓட்டை வண்டியையும் சேத்து. போதுமா?"

கண்களில் நீர் கோக்க அவன் சிரித்தான்.

"வண்டியை மட்டும் ஒண்ணும் சொல்லாத, ஆஸ்பசியா."

முதன்முறையாக, 'டீச்சர்' இல்லாமல்.