ஸ்டீபனுக்கு ஆகாயம் ஆகாது

போன் அலறியது!

தல்லாகுளத்தில் ஒரு மருத்துவமனையின் ஐ.சி.யூ. கட்டிலில் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு படுத்திருந்த பாக்கியமேரி டீச்சரின் போன். திரையில் மகன் பெயர். ஸ்டீபன், துபாய்.

எடுத்தது இன்ஸ்பெக்டர் பாண்டீஸ்வரி. அம்மா ஆஸ்பத்திரியில் என்று காலையில் அவனுக்குத் தகவல் சொன்னவளும் அவள்தான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம்... அம்மா எப்படி இருக்காங்க?"

"இன்னும் கண்ணு முழிக்கல."

பச்சைப் பொய்! சொல்லிக்கொண்டே, விழித்திருந்த டீச்சரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

"நேத்து மத்தியானம் மூணு மணிக்கு எவனோ வீடு புகுந்து தலகாணிய வச்சு அமுக்கியிருக்கான். நாளைக்குப் பேசிருவாங்கன்னு டாக்டர் சொல்றாங்க. பேசுனா ஆளு யாருன்னு தெரிஞ்சிரும். ஒரே மகன் நீங்க. கெளம்பி வாங்க."



"எனக்கு பிளைட் ஆகாது மேடம்... ஏரோநியூரோசிஸ். ஏறுனா நெஞ்சு அடச்சிரும். சர்ட்டிபிகேட் அனுப்புறேன், பாருங்க."

வைத்துவிட்டான். சர்ட்டிபிகேட்டின் படம் வந்தது.

"துபாய்க்கு நடந்தா போனாரு?" என்றாள் பாண்டீஸ்வரி.

"போறப்ப பிளைட் குலுங்குச்சாம் மேடம். அதுல இருந்துதான்..." டீச்சரின் குரல் தேய்ந்தது.

பக்கத்தில் நின்ற டாக்டர் ஜாய்ஸ் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"உலகப்போர் காலத்துல போர் விமானம் ஓட்டுனவங்களுக்கு எழுதுன பேரு இது! இப்ப எந்த டாக்டரும் இப்படி எழுதமாட்டாங்க. ஏதோ பழைய புத்தகத்தப் பாத்துத் தயார் பண்ணது."

மகன் ஊருக்கே வராத பதினோரு வருடம்! அந்த வியாதி குணமாக வேண்டும் என்று டீச்சர் ஞாயிறுதோறும் முழங்கால் தேய ஜெபித்திருந்தாள். இல்லாத வியாதிக்கு ஆண்டவர்தான் என்ன செய்வார்? ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இரண்டு தட்டு எடுத்துவைத்து ஒன்றில் மட்டும் சாப்பிட்டாள்.

"டீச்சர்... பால்கார ஒச்சாயி ஒண்ணு சொல்லுது. தெருவுக்குள்ள போறப்ப உங்க வாசல்ல ஒரு சோடி ஷூ ஒழுங்கா கெடந்துச்சாம். திரும்பி வாரப்ப ஷூவக் காணோம், கதவு தொறந்து கெடந்திருக்கு. உள்ள போய்ப் பாத்து ஆம்புலன்ஸக் கூப்பிட்டதும் அதுதான். கொல்ல வந்தவன் எவனாவது ஷூவக் கழட்டி வச்சிட்டு உள்ள வருவானா? ஷூவோட உள்ள வந்து அந்த வீட்டுல ஏச்சு வாங்கி வளந்தவன்தான் கழட்டுவான். யாரு டீச்சர்?"

"மூஞ்சியப் பாக்கல மேடம்."

பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

காலிங்பெல் அடித்தது, திறந்தால் ஸ்டீபன்! சந்தோஷத்தில் அவன் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். டீ போடப் போனவளை நிறுத்தி, வீட்டை அவன் பெயருக்கு எழுதச் சொல்லிப் பத்திரத்தை நீட்டினான். "இந்த வீட்டுலதான் சாவேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் தலையணை.

இருந்தாலும் பெற்றவள் வாயால் மகனை உள்ளே தள்ளுவதா? மாட்டவே மாட்டாள்!

"நீங்க சொல்லாட்டி கேஸ் நிக்காது. வாய அடைக்க அவரு மறுபடி வருவாரு, பாருங்க."

"வரமாட்டான் மேடம்..."

வந்தால் தேவலை என்று அடித்துக்கொண்டது மனசு. எதற்காக வந்தாலும்!

மறுநாள் பகல் பதினொன்றரை.

டீச்சர் கண்ணை மூடிக்கிடந்தாள். கதவு திறந்தது. காலடி நெருங்கியது. 'அம்மா' என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள்.

வரவில்லை. விரல்கள் ஆக்ஸிஜன் குழாயைப் பற்றின...

"கைய எடுங்க!"

திரைக்குப் பின்னாலிருந்து பாய்ந்தாள் பாண்டீஸ்வரி. ஸ்டீபனின் சட்டைப் பையிலிருந்த பாஸ்போர்ட் அவள் கைக்கு வந்தது.

"திங்கக்கிழம வந்திருக்கீங்க. செவ்வாய் ராத்திரி திரும்பிட்டீங்க. இன்னைக்கு வியாழன், மறுபடி இங்க! நெஞ்சு அடைக்கலயா சார்?"

"இ... இந்தியாவுக்கு வந்தேன். வீட்டுக்கு வரல! இப்ப மாஸ்க்க சரி பண்ணத்தான் போனேன். அம்மா, நீயே சொல்லும்மா!"

அறையே டீச்சரைப் பார்த்தது. அவள் மகனை மட்டும் பார்த்தாள்.

"ஸ்டீபா... திரும்பி எப்பப்பா போற?"

"ராத்திரி பிளைட்டும்மா."

"அடுத்து எப்ப வருவ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

 டீச்சர் மாஸ்க்கைத் தானே விலக்கினாள்.

"இவன்தான் மேடம். எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன்."

"அம்மா!" ஸ்டீபன் வீறிட்டான்.

"ஒரே ஒரு விண்ணப்பம் மேடம்... மதுரை ஜெயில்லயே போடுங்க. வாராவாரம் மனுப் போட்டுப் பாத்துக்கிறேன்."

"இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு ஆனையூர் வீட்டுல இருந்து ஜெயிலுக்கு அம்புட்டுத் தூரம் எப்படி டீச்சர் வருவீங்க?"

"டவுன் பஸ்லதான் மேடம். பொம்பளைகளுக்கு டிக்கெட்டே கெடையாது!"