பொம்மனஹள்ளி மட்டும் விழிக்கவில்லை

"மேடம், என் புரோகிராமை யாரோ கெடுக்கிறாங்க" என்றாள் பார்கவி.

தொம்மலூரில் துப்பறியும் அலுவலகம் நடத்திவந்த சாந்தகுமாரிக்கு வருவதெல்லாம் மாப்பிள்ளை எப்படி என்று விசாரிக்கும் வழக்குகள்தான். கம்ப்யூட்டர் வழக்கு இதுவே முதல் தடவை. அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்? "எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா" என்றார்.

பார்கவி ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அங்கே மெயின்ஃபிரேம் என்னும் பெரிய மையக் கம்ப்யூட்டர் இருந்தது. கிளைகளின் டெர்மினல்கள் லைன் வழியாக அதனுடன் வைத்திருக்கும் தொடர்புக்கு செஷன் என்று பெயர். ஞாயிறுதோறும் பராமரிப்புக்காக லைனை நிறுத்துவார்கள். முன்பெல்லாம் லைன் வந்ததும் ஆபரேட்டர் ஜெயராமன் உட்கார்ந்து ஒவ்வொரு செஷனாகக் கையால் எழுப்புவார். இப்போது அதைப் பார்கவியின் புரோகிராம் தானாகவே செய்தது. அதுவும் எப்படி! திங்கட்கிழமை கதவு திறக்கும்போது எல்லாக் கிளைகளும் தயாராக இருந்தன. சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

"கொஞ்ச வாரமா பொம்மனஹள்ளி மட்டும் எழுந்திரிக்கறதில்ல மேடம். பாலிசிக்காரங்க வெயில்ல காத்துக் கிடக்கறாங்க. இந்தத் திங்கக்கிழமையும் இப்படி ஆச்சுன்னா புரோகிராமைத் தூக்கிடுவேன்னு மேனேஜர் பத்ரிநாத் சொல்லிட்டார். ராப்பகலா உழைச்சு எழுதினது."

"எழுப்பப் பார்த்து முடியாம போகுதா, எழுப்பவே இல்லையா?"

"எழுப்பறதே இல்ல. யாராவது கையால மூடின செஷனை அது தொடாது. ரிப்பேருக்காக மூடியிருப்பாங்க, திறந்தா ஆபத்து. அப்படி நான்தான் எழுதினேன். யாரோ வேணும்னே மூடறாங்க. யாருன்னு மெஷின் சொல்லாது. ஆனா இந்த விஷயம் தெரிஞ்ச இன்னொருத்தர் ஜெயராமன் சார்தான். அவர் வேலையைத்தானே என் புரோகிராம் எடுத்துக்கிச்சு."

"முதல்ல அந்தக் கிளையைப் பார்க்கலாம்" என்றார் சாந்தகுமாரி. சனிக்கிழமை மாலை பார்கவியையும் கூட்டிக்கொண்டு பொம்மனஹள்ளிக் கிளைக்குப் போனார்.

மூடுகிற நேரம். தாமதமாக வந்த ஒருவரிடம் கன்னடத்தில், "சோமவார பன்னி" என்று திங்கட்கிழமை வரச் சொல்லி அனுப்பினார் அங்கிருந்த அல்போன்சா. அந்தக் கிளைக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். ஜன்னல் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். டெர்மினலில் ஏதோ தட்டினார். திரையில் பதில் வரும்வரை காத்திருந்தார். பிறகு சுவிட்சை அணைத்து, உறையை மாட்டினார். வெளியே வந்து பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

"தினமும் இப்படித்தானா?" என்று கேட்டார் சாந்தகுமாரி.

"மத்த நாள்ல என் பேரை மட்டும் லாக்-ஆஃப் பண்ணிட்டுப் போயிடுவேன். நாளைக்கு லைனை நிறுத்தறாங்களே."

பார்கவிக்கு அப்போதும் பிடிபடவில்லை. ஜெயராமனை எப்படி மடக்குவது என்றே யோசித்துக்கொண்டு ஆட்டோவில் வந்தாள்.

தலைமை அலுவலகத்தில் பத்ரிநாத்தும் ஜெயராமனும் காத்திருந்தார்கள். ஜெயராமனின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"கோபத்துல மூடறவர் ஒரு கிளையோட நிறுத்துவாரா?" என்று தொடங்கினார் சாந்தகுமாரி. "எல்லாத்தையும் மூடி, புரோகிராம் மானத்தையே வாங்கியிருப்பார். தன் கைக்கு எட்டினதை மட்டும் மூடறது ஜாக்கிரதைக்காரங்க வேலை. அல்போன்சா மாற்றலாகி வந்ததும் இந்தத் தொல்லை ஆரம்பிச்சதும் ஒரே சமயம். ஓடற மெஷின்ல இருந்து லைனைப் பிடுங்கினா கெட்டுடும்னு அவங்களுக்குப் பயம். அதனால சனிக்கிழமை மட்டும் செஷனையே மூடிட்டுப் போறாங்க. மத்தவங்க யாரும் கண்டுக்காம அப்படியே விட்டுட்டுப் போறாங்க, அதனால அதெல்லாம் எழுந்திரிக்குது."

பார்கவிக்கு முகம் சிவந்தது. நேராக ஜெயராமனிடம் போனாள். "சார், உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சிடுங்க."

"விடும்மா. நானும் நல்லா முறைச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்."

பத்ரிநாத் எழுந்தார். "விஷயம் முடிஞ்சது. இனிமே எதையும் மூடக்கூடாதுன்னு அந்தம்மாவுக்குக் கண்டிப்பாச் சொல்லிடறேன்."

"வேண்டாம் சார்" என்றாள் பார்கவி. "அவங்க செஞ்சதுதான் ஒழுங்கு. ஒழுங்கா இருக்கறவங்களை என் புரோகிராம் தண்டிக்குதுன்னா, மாற வேண்டியது அதுதான். லைனை நிறுத்தறதுக்கு முந்தின நாள் மூடினதை லைன் வந்ததும் திறக்கணும். மத்த நாள்ல மூடினதைத் தொடக்கூடாது."

"சனிக்கிழமை நாங்க ரிப்பேருக்கு எதையும் மூடறதில்ல. தைரியமா மாத்து" என்றார் ஜெயராமன்.

"திங்கக்கிழமை வரைதான் டைம்" என்றார் பத்ரிநாத்.

திங்கட்கிழமை காலை பார்கவியின் மேஜையில் போன் அடித்தது. பத்ரிநாத்தும் ஜெயராமனும் பக்கத்திலேயே நின்றார்கள். அவள் எடுத்தாள்.

"பொம்மனஹள்ளி அல்போன்சா பேசறேன். சனிக்கிழமை என் கையாலயே மூடிட்டுப் போனேன், இப்போ திறந்திருக்கு. ஜனங்களுக்கு வேலை நடக்குது, அது சரி. ஆனா யார் திறந்தது?"

பார்கவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான்தான்" என்றாள்.