வலித்தால் கையைத் தூக்குங்கள்

ஈரோட்டில் இப்போது பல் டாக்டரிடம் போக யாரும் அழுவதில்லை. டாக்டர் வேதநாயகியின் மருத்துவமனையில் ஊசி கிடையாது, பல்லைக் குடையும் அந்த நாராசச் சத்தமும் கிடையாது. நாற்காலிக்கு மேலே வளைந்து நிற்கும் ஒளிக்கை என்ற தானியங்கி இயந்திரம், சொத்தையின் மேல் லேசரைச் சின்னச் சின்னத் துடிப்புகளாகப் பாய்ச்சும். சொத்தையில் நீர் அதிகம். ஒளி அந்த நீரைத் தேடிப் பிடித்து ஆவியாக்கிவிட, கெட்டது உதிர்ந்து நல்ல பல் அப்படியே நிற்கும். பெரும்பாலானவர்களுக்குக் கூச்சம்கூடத் தெரியாது.

ஒளிக்கை வேலை கற்றது வேதநாயகியின் கையைப் பார்த்துத்தான். பதினோரு வருடம் அவர் லேசரைக் கையில் பிடித்துச் செய்த வைத்தியம் அத்தனையும் படமாகப் பதிவாகியிருந்தது. இயந்திரம் அதை முழுக்க விழுங்கிவிட்டு அவரைப் போலவே சாய்ந்தது, அவர் குரலிலேயே பேசியது, நோயாளிகளை அவரைப் போலவே "சாமி" என்றது. டாக்டருக்குத் தலைகால் புரியாத பெருமை.

அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "படுத்ததும் எல்லார்கிட்டயும் நான் சொல்ற வார்த்தை இருக்குதே, வலிச்சா இடது கையத் தூக்குங்க, உடனே நிறுத்திருவேன்னு. அது மாறக்கூடாது."

"தனியா ஒரு கட்டளை எழுதிடட்டுங்களா மேடம்?" என்று கேட்டான் பொறியாளன் ரித்தீஷ்.

"எதுக்கு? என்னைப் பார்த்தே கத்துக்கட்டும்."

அன்று காலை ஒப்புதல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். நாற்பது ஊர்களுக்கு ஒளிக்கை போகிறது, அவர் பெயரோடு. இந்த ஓட்டத்தில் அவருடைய கீழ்க் கடைவாய்ப் பல் மூன்று மாதமாகக் கவனிப்பாரில்லாமல் சொத்தையாகிக் கிடந்தது. "என் கையாலயே எனக்கு வைத்தியம்," என்று சிரித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார். உதவியாளர் கலாமணி கழுத்தில் துணியைக் கட்டி, வாயைத் திறந்தபடி வைக்கும் கவ்வியைப் பொருத்தினாள்.

"வலிச்சா இடது கையத் தூக்குங்க சாமி," என்றது ஒளிக்கை.

முதல் நிமிடம் சுகமாகத்தான் போனது. சொத்தை ஆழம், அடியில் நரம்பு. அங்கே ஒளி விட்டு விட்டுப் போக வேண்டும், சூடு தணிய வேண்டும். தணியவில்லை. காதுவரை சுரீரென்று ஏறியது. வேதநாயகி இடது கையைத் தூக்கினார்.

"ஆச்சு சாமி, இதோ முடிஞ்சுது."

ஒளி நிற்கவில்லை. கை கண்ணில் படவில்லை போலும் என்று இன்னும் உயரத் தூக்கி ஆட்டினார்.

"அவ்வளவுதான் சாமி, இத்தினியூண்டுதான் பாக்கி."

வாயில் கவ்வி, கத்தவும் முடியாது. அந்தக் குரலில் இருந்த பாசம்தான் அவருக்குத் தாங்கவில்லை. நாலு நிமிடம் கழித்து ஒளி அணைந்தபோது காதோரம் கண்ணீர் வழிந்திருந்தது.

"துரோகி!" கவ்வியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பக்கத்தில் நின்ற ரித்தீஷின் மேல் பாய்ந்தார். "நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதுலயும் ஏமாத்திட்டயே!"

அவன் முகம் வெளுத்துவிட்டது. கணினிப் பலகையை எடுத்து எதையோ தேடினான். "பதிவுல நோயாளிங்க கை தூக்கினது நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு தடவை மேடம். நீங்க நிறுத்தினது ஒன்பது தடவை."

"பொய்!"

"அந்த ஒன்பதும் உங்க போன் அடிச்சப்போ."

திரையில் பழைய பதிவுகள் வரிசையாக ஓடின. ஒரு பள்ளிக்கூட டீச்சர், ஒரு லாரி டிரைவர், கல்யாணத்துக்கு மருதாணி வைத்த ஒரு பெண். தூக்கிய இடது கைகள். அவற்றின் பக்கம் திரும்பாமல் பல்லையே பார்த்துக் குனிந்திருக்கும் தன் முகம். நிறுத்தியதாகத்தான் அவருக்கு ஞாபகம். சத்தியமே செய்திருப்பார். இன்னும் ஒரு நிமிடத்தில் முடியப் போவதை எதற்கு இழுக்க வேண்டும் என்று நினைத்ததும் கருணையினால்தான்.

"ஒளிக்கைப் பெட்டிகளை நிறுத்து. ஒண்ணும் போகக்கூடாது."

"நீங்க கையெழுத்துப் போட்டதுமே எல்லாம் போயிடுச்சுங்க மேடம். கத்துக்கிட்டதுக்கு மேல இனிக் கட்டளை ஏறாது; திருத்தணும்னா நீங்க கையப் பார்த்து நிறுத்தின பதிவு வேணும். நம்மகிட்ட அது இல்லீங்களே."

வேதநாயகி கலாமணியின் பக்கம் திரும்பினார். "பதினோரு வருஷம் பக்கத்துலயே நின்னியே கலா. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"மொத வருசமே சொன்னனுங்க டாக்டரம்மா. 'ஆச்சு கலா, இதோ முடிஞ்சுது'ன்னீங்க."

பேசும்போது அவள் வாயில் ஏதோ மின்னியது. வெள்ளி அடைப்பு. அவர் மருத்துவமனையில் வெள்ளி வைத்து அடைப்பதே கிடையாது.

"அதை எங்க அடைச்சே?"

"கோபியிலங்க. ஒரு வயசான டாக்டரு."

தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, பல் வலித்தால் பஸ் ஏறிக் கோபிக்குப் போயிருக்கிறாள். லேசர் சுட்டதைவிட இதுதான் சுட்டது. "என்கிட்டக் காட்டாம அங்க போற அளவுக்கு அப்படி என்ன வெச்சிருக்கார் அந்த மனுஷன்?"

"ஒண்ணும் இல்லீங்க. லேசர் கீசரெல்லாம் கிடையாது. அந்தக் காலத்து மெசினு, உசுரு போயிரும்." கலாமணி அவர் கழுத்துத் துணியை அவிழ்த்து மடித்தாள். "ஆனா கையத் தூக்குனா நிறுத்திருவாருங்க."