ஒத்தாசை மூச்சு வாங்கியது

நிலாவில் வேட்டி கட்டுவதென்றால் ஓரமெல்லாம் காந்தம் தைத்திருக்க வேண்டும். இரும்புத் தரை அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தைக்காவிட்டால் ஒரு தும்மல் போதும், வேட்டி குடையாகிவிடும். மங்கையர்க்கரசி தினமும் காலையில் காந்தங்களைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேட்டியைச் சுற்றுவாள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த அந்தப் பெயரில் 'அரசி'யை மட்டும் 'அரசு'வாக்கித் தனக்கு வைத்துக்கொண்டு மங்கையர்களைக் கழற்றி விட்டிருந்தாள். ஒரே ஒரு மங்கையை மட்டும் விடவில்லை. கல்யாணம் செய்துகொண்டாள். செவ்வந்தி என்று பெயர்.

நிலாக் குடியிருப்பில் இதெல்லாம் செய்தியே இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் மகளிர் மன்றத்தில் ஆட்டம் நடக்கும். வேட்டிக்காரிகள் ஒரு பக்கம், சேலைக்காரிகள் ஒரு பக்கம் என்று தொடங்கி, இரண்டாவது பாட்டுக்குள் எல்லாம் கலந்துவிடும். இந்த வாரம் வேட்டி, அடுத்த வாரம் சேலை என்று வருகிற இளசுகளும் உண்டு. அரசு அந்த ரகம் இல்லை. சின்ன வயதில் அண்ணனின் சட்டையை முதன்முதலாகப் போட்டுக்கொண்டபோதுதான் தன் உடம்புக்குத் தானே குடிவந்த மாதிரி அவளுக்கு இருந்தது. அன்றிலிருந்து காலி செய்யவில்லை. செவ்வந்தியும் அப்படித்தான். பாசிப் பண்ணையில் பிழிபொறியோடு மல்லுக்கட்டுகிறவள். வேலை முடிந்ததும் கண்ணுக்கு மை, காதுக்கு ஜிமிக்கி, காந்தம் தைத்த பட்டு. யாருக்காகவும் இல்லை. அவளுக்கு அது பிடிக்கும், அவ்வளவுதான்.

பூமியிலிருந்து புதிதாக வந்தவர்களுக்குத்தான் இது பிடிபடாது. பக்கத்து வீட்டு ஆராவமுதன் குடியேறிய முதல் வாரமே கேட்டுவிட்டார்.

"அரசு சார்... ஸாரி, மேடம்... தப்பா நினைக்காதீங்க, சும்மா ஒரு பொது அறிவுக்குத்தான் கேக்கறேன். உங்க ரெண்டு பேர்ல யாரு புருஷன்?"

"சீட்டு குலுக்கிப் போட்டிருக்கோம் சார். வந்ததும் சொல்றேன்."

வாய்தான் அப்படி. உள்ளுக்குள் அரசுவிடம் ஒரு கணக்கு இருந்தது. இந்த வீட்டில் தண்ணீர்ப் பீப்பாய் தூக்குவது யார்? இறுகிப்போன ஊறுகாய்ப் பாட்டிலைத் திறப்பது யார்? அவள்தான். பூமியில் இரண்டு ஆள் தூக்கும் பீப்பாய் நிலாவில் ஒரு கைக்குழந்தையின் கனம்தான். இருந்தாலும் இறக்கி வைத்ததும் ஒரு 'உஸ்' விட்டு, மூச்சு வாங்கி, நெற்றியைத் துடைத்துக்கொள்வாள். செவ்வந்தி ஓரக்கண்ணால் பார்த்து, "போதும்டா, உக்காரு," என்பாள். அந்த 'டா'வுக்காக அரசு முழுத் தண்ணீர்த் தொட்டியையே தூக்கி வந்திருப்பாள்.

இந்த நிலைமையில் அவள் தோள்பட்டை பிசகியது. செவ்வந்தி தன் பெயரில் ஓர் ஒத்தாசையை வாடகைக்கு எடுத்துவிட்டாள்.

ஒத்தாசை என்பது வீட்டு வேலைக்கான இயந்திரம். வந்து இறங்கும்போது முட்டைக்கு முகம் வைத்த மாதிரி மொழுக்கென்று இருக்கும். வீட்டில் இருந்து, பார்த்துப் பார்த்துத்தான் தனக்கென்று ஒரு நடையும் பேச்சும் பழகிக்கொள்ளும்.

முதல் வாரம் அது ஒழுங்காகப் பாத்திரம் கழுவியது. இரண்டாவது வாரம் தோளைச் சாய்த்து நடக்க ஆரம்பித்தது. அப்புறம் ஒருநாள், பீப்பாயைத் தூக்குவதற்கு முன் குனிந்து, இல்லாத வேட்டியை மடித்துக் கட்டியது. இறக்கி வைத்ததும் 'உஸ்' என்றது.

ஒத்தாசை மூச்சு வாங்கியது. நுரையீரலே இல்லாத ஒன்று!

"ஐயோ பாவம், போதும்டா," என்று செவ்வந்தி சிரித்தாள்.

கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்த அரசுவுக்கு வயிறு திகுதிகுவென்று எரிந்தது. அவளுடைய 'டா' போய்விட்டது. ஒரு முட்டைக்கு.

"அதைப் பார்த்து எதுக்குச் சிரிச்ச?"

"சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன்."

"என்னைப் பார்த்து அப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு?"

"நீ மூஞ்சியை இப்படி வச்சிருந்தா எங்க சிரிக்க? கண்ணாடில போய்ப் பாரு."

கண்ணாடியில் போய்ப் பார்த்தாள். மேலுதட்டைத் தடவிக்கொண்டாள். பின்னால் ஒத்தாசை, அதே மாதிரி மீசை இல்லாத மேலுதட்டைத் தடவிக்கொண்டு நின்றது.

மறுநாள் ஒத்தாசையை இழுத்துக்கொண்டு பணிமனைக்குப் போனாள். அங்கே இருந்த நப்பின்னை, மன்றத்தில் வாரம் மாற்றி வாரம் உடுத்துகிற இளசுகளில் ஒருத்தி.

"மொதல்ல ஒண்ணு சொல்லு. இது ஆம்பளையா, பொம்பளையா?"

கேட்டு முடித்ததும் அரசுவின் காதுமடல் சுட்டது. பள்ளிக்கூட வண்டியில், கோயில் வரிசையில், கழிவறை வாசலில் அவளையே குத்திய கேள்வி. இப்போது அவள் வாயிலிருந்து, அதே ராகத்தில்.

"அப்படி எதுவும் உள்ள கிடையாதுக்கா," என்றாள் நப்பின்னை. "வாடகைக்கு எடுத்தவங்க கண்ணு வழியாத்தான் இது கத்துக்கும். இப்ப செவ்வந்தியக்கா கண்ணு. வேணும்னா உங்க கண்ணுக்கு மாத்தித் தரவா? வேற மாதிரி ஆயிடும்."

"வேட்டிக்காரியா இருக்காதுல்ல?"

"அது உங்க கண்ணைப் பொறுத்தது."

"மாத்து."

பொறாமை காதை அடைத்துக்கொண்டால் பாதிதான் கேட்கும். 'வேற மாதிரி' என்பது மட்டும் அரசுவுக்குக் கேட்டது.

வேற மாதிரிதான் ஆனது. ஒத்தாசை இடுப்பில் கை வைத்து நின்றது. இல்லாத முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியது. அரசு பீப்பாய் தூக்கினால் ஓரக்கண்ணால் பார்த்தது. அரசுவின் பிசகிய தோளும் அதற்குள் சரியாகிவிட்டிருந்தது. அரசு விசிலடித்துக்கொண்டு திரிந்தாள். செவ்வந்திதான் கொஞ்சம் உம்மென்று இருந்தாள். "முந்தி இருந்ததே நல்லாருந்துச்சு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். தயிர்சாதம் தட்டில் இருந்தது. ஒத்தாசை அலமாரியைத் திறந்து எலுமிச்சை ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்தது. முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, மூடியை ஒருதரம் முறுக்கி இறுக்கியது. இன்னொருதரம். பல்லைக் கடிக்கிற பாவனையோடு மூன்றாவது தரமும் இறுக்கிவிட்டு, மெல்ல நடந்து வந்து பாட்டிலை அரசுவிடம் நீட்டியது.

"அழுத்தம் மாறி இறுகிப்போச்சு அரசு. கொஞ்சம் திறந்து குடேன்."

அரசு பாட்டிலைப் பார்த்தாள். ஒத்தாசையைப் பார்த்தாள். "நீதானே இப்ப இறுக்கின? இதை யார்கிட்டக் கத்துக்கிட்ட?"

ஒத்தாசை சமையலறைப் பக்கம் கை காட்டியது. அங்கே கரண்டியும் கையுமாகச் செவ்வந்தி நின்றுகொண்டிருந்தாள். பிழிபொறியின் இரும்புக் கைப்பிடியை ஒற்றைக் கையால் சுழற்றுகிறவள்.

"எவ்வளவு நாளா?"

"கல்யாணம் ஆன நாளா."

"என்னை முட்டாளாக்கிட்டு..."

"இரு, இரு. ஒரு கைக்குழந்தை கனத்தைத் தூக்கிட்டு வந்து நீ மூச்சு வாங்கினியே, நான் ஏதாவது கேட்டேனா?" செவ்வந்தி கரண்டியை ஆட்டினாள். "அந்த உஸ்ஸு எனக்குப் பிடிக்கும். மூடியைத் திறந்துட்டு உலகத்தையே ஜெயிச்ச மாதிரி ஒரு பார்வை பார்ப்பியே, அது ரொம்பப் பிடிக்கும். அதான் இறுக்கினேன். அது என் ஊறுகா, என் மூடி. உனக்கென்ன?"

அரசுவுக்கு நப்பின்னை சொன்ன மீதிப் பாதி அப்போதுதான் காதில் விழுந்தது. இப்போது ஒத்தாசை தன் கண் போகிற ஆளையே கவனித்துப் பழகி, செவ்வந்தியாகிவிட்டது. தன் கண் வேறு எங்கே நிற்கும்? அப்படியென்றால் செவ்வந்தியின் கண் வழியாகப் பார்த்த நாட்களில் அது சாய்ந்து நடந்து, வேட்டி மடித்து, மூச்சு வாங்கி...

தன்னைப் பார்த்தே வயிறு எரிந்திருக்கிறாள்.

"என்னடா முழிக்கிற?"

"ஒண்ணுமில்ல. பாட்டிலைக் குடு, திறக்கறேன்." உண்மையிலேயே இறுகித்தான் இருந்தது.

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு ஆராவமுதன் வந்தார். "சார்... மேடம்... உங்க ஒத்தாசையாவது நடமாடுது. எங்களுது வந்ததிலேர்ந்து படுத்தே கிடக்கு. பழுதுன்னு நினைக்கறேன். கொஞ்சம் வந்து பாருங்களேன்."

இருவரும் போனார்கள். ஆராவமுதனின் ஒத்தாசை சோபாவில் தட்டையாக மல்லாந்து கிடந்தது. மார்பில் நீல வெளிச்சம் ஓயாமல் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கத்தில் அவர் மனைவி பத்மாசனி, அதே நீல வெளிச்சம் ஓடுகிற உள்ளங்கைத் திரையைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். ஆராவமுதன் மறுபக்கம் உட்கார்ந்து தன் உள்ளங்கையை விரித்தார்.

"பழுதுதானே?" என்றார் தலை நிமிராமல்.

அரசு செவ்வந்தியைப் பார்த்தாள். செவ்வந்தி 'வேணாம்' என்பது போல் கண்ணைச் சிமிட்டினாள். ஆனாலும் அரசுவால் அடக்க முடியவில்லை.

"தப்பா நினைக்காதீங்க சார், சும்மா ஒரு பொது அறிவுக்குத்தான் கேக்கறேன். உங்க ரெண்டு பேர்ல யாரு, யாரைக் கடைசியாப் பார்த்தீங்க?"

ஆராவமுதன் யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் ஒத்தாசையின் மார்பில் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில், ஆசையாக, அதைத் திரும்பிப் பார்த்தார்கள்.