வயிற்றுக்குள் ஒரு கைரேகை

தன் வயிற்றுக்குள் ஒளிந்திருந்த கொலைகாரனைத் தானே கைரேகை பார்த்துப் பிடித்ததாக ரேகையக்கா சொன்னால் யார் நம்புவார்கள்? போலீஸில் கைரேகை நிபுணராக இருந்து ஓய்வு பெற்றவர்தான். சுவரில் உட்கார்ந்து போனது எந்தக் கொசு என்றுகூடச் சொல்லிவிடுவார் என்பது அவரே பரப்பிய செய்தி.

செவ்வாய், காலை பத்து மணி. அறுவை மருத்துவர் பேனாவை மூடினார்.

"வயித்துல புற்றுநோய்மா. வெள்ளிக்கிழமை வயித்தை முழுசா எடுத்துடலாம்."

"அப்புறம் சோத்தை எங்க போடுறது, கைப்பையிலயா?"

மருத்துவர் சிரிக்கவில்லை. அக்கா விசாரணையைத் தொடங்கினார்.

"குழாய் விட்டுப் பார்த்தப்போ உள்ள கட்டி இருந்துச்சா?"

"இல்ல. சுவர் மட்டும் பழைய செருப்பு மாதிரி விறைச்சுக் கிடக்கு."

அக்கா தன் இடது மார்பு இருந்த இடத்தைத் தட்டினார். "இங்க இருந்தவனை ஒன்பது வருஷம் முன்னால வெட்டி எறிஞ்சோம். அவன் தப்பிச்சு வந்திருந்தா?"

"மார்புப் புற்று எலும்புக்கு, கல்லீரலுக்குப் போகும். வயித்துக்கு வர்றது அபூர்வம்."

"கைதேர்ந்த திருடன் வழக்கமான சந்துல ஓட மாட்டான். வயித்துல கிள்ளி எடுத்த சதையைச் சோதிச்சவங்ககிட்ட என் மார்பு கதையைச் சொன்னீங்களா?"

பேனா திறந்தது. மூடியது. "வயித்துச் சதைன்னு மட்டும்தான்..."

"பழைய ரேகையைப் பக்கத்துல வைக்காம ஆளை முடிவு பண்ணிட்டீங்க! ரெண்டையும் ஒண்ணா பார்க்காம கத்தியோட வந்தா கடிச்சு வச்சிடுவேன்."

வியாழன் மாலை. பழைய மருத்துவமனையிலிருந்து மார்புச் சதை ஒட்டிய கண்ணாடித் தகடு வந்து சேர்ந்திருந்தது. ஆய்வக மருத்துவர் அக்காவையும் நுண்ணோக்கியில் பார்க்கவிட்டார். பழையதில் செல்கள் டிக்கெட் வரிசைபோல ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. புதியதிலும் அதே வரிசை. ஹார்மோனால் வளரும் செல்களைக் காட்டும் சாயம் போட்டார். இரண்டும் ஒரே பழுப்பு.

"அதே மார்புப் புற்றுதான். இந்த வகை ஒட்டி நிக்காது, ஒத்தை ஒத்தையா நழுவும். அதான் கட்டி இல்ல," என்றார் அவர்.

அக்கா நேராக அறுவை மருத்துவர் அறைக்குப் போனார். "வயிறு அப்பாவி, டாக்டர். அவன் ஒளிஞ்ச வீடு, அவ்வளவுதான். வீட்டை இடிச்சா அடுத்த வீட்டுக்கு ஓடுவான்."

மருத்துவர் ஆய்வக அறிக்கையை இரண்டு முறை படித்தார். "அறுவை வேண்டாம். ஹார்மோனை அடக்குற மாத்திரை போதும். ஆனா முழுசா குணமாகாதும்மா."

"தூக்குல போட முடியலைன்னா ஆயுள் தண்டனை. சாவி என் இடுப்புல!"

மாதங்கள் கழித்து, மருத்துவமனை கேன்டீனில் இரண்டாவது தட்டைக் காலி செய்தபடி அக்கா இந்தக் கதையை அளந்துகொண்டிருந்தார். கேட்டவர்கள் கண்ணடித்துக்கொண்டார்கள். பக்கத்து மேசையிலிருந்து அறுவை மருத்துவர் எழுந்தார்.

"கொசு விஷயத்தை நம்பாதீங்க," என்றார். "ஆனா இது நடந்துச்சு. கத்தியோட நின்னவன் நான்தான்."