குறை எண்

காலையில் மகள் ஷெரினின் கையில் அளவுப்பட்டையைக் கட்டிவிட்டுத்தான் ஜெபராணி அடுப்பைப் பற்றவைப்பாள். வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகள் எல்லோருக்கும் அரசு கொடுத்த பட்டை அது. பேச்சு, பார்வை, நடை எல்லாவற்றையும் நாள் முழுக்கக் கவனித்து, பிள்ளைக்கு எவ்வளவு குறை என்று ஓர் எண்ணைச் சொல்லும். அந்தக் குறை எண் எல்லைக்கு மேலே இருக்கும்வரை பயிற்சியாளர் வீட்டுக்கு வருவார். செலவு அரசுடையது.

ஷெரினுக்கு ஐந்து வயது. பேச்சு வரவில்லை. பயிற்சியாளராக வந்த ஆக்னஸ் டீச்சர் ஒரு வருடமாக அவளோடு தரையில் உட்கார்ந்து, உதடு குவிப்பதிலிருந்து சொல்லிக்கொடுத்து வந்தார்.

அன்று குளிப்பாட்டும்போது ஷெரின் வாளியைக் காட்டி, "தண்ணி" என்றாள்.

ஜெபராணி ஈரத்தோடு அவளை வாரி அணைத்துக்கொண்டு அழுதாள். பட்டை பச்சையாக மின்னிப் பேசியது. "வாழ்த்துகள். உங்கள் குழந்தையின் குறை எண் எல்லைக்குக் கீழே வந்துவிட்டது. சேவை இன்றுடன் நிறைவடைகிறது."

மறுநாள் ஷெரினைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடி தகுதி அலுவலகத்துக்குப் போனாள்.

"ஒரே ஒரு வார்த்தை சார். வயித்து வலின்னா சொல்லத் தெரியாது. ரோட்டுல தொலஞ்சா பேரு சொல்லத் தெரியாது. அதுக்குள்ள டீச்சர நிறுத்திட்டீங்களே!"

"நான் நிறுத்தலம்மா, எண்ணு நிறுத்திட்டுது" என்றார் அதிகாரி. "இருக்கற நிதி ரொம்ப முடியாத பிள்ளைங்களுக்குத்தான்."

"டீச்சர் வந்ததாலதான சார் பேசுனா? அப்போ முடியாமலே கிடக்கணுமா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "கொஞ்ச மாசம் அந்த வார்த்தைய அவ சொல்லாம இருந்தா, எண்ணு தானா ஏறும். டீச்சரும் வருவாங்க. மத்தவங்க அப்படித்தான் பாத்துக்கிடுதாங்க."

"எம்புள்ள வாய நானே அடைக்கணுமா? சொல்ல உங்களுக்குக் கூசல?"

நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே வந்தாள். கூடம் நிறையக் குழந்தைகள், எல்லோர் கையிலும் பட்டை. ஒரு சத்தமும் இல்லை. உள்ளே போகும்போது அதை அவள் கவனித்திருக்கவில்லை.

ஜன்னலோரம் ஒரு சிறுமி, ஓட்டுநர் இல்லாமல் வந்து நின்ற பேருந்தைக் காட்டி, "ப... பஸ்..." என்று தொடங்கினாள். அவளுடைய தாய் பாய்ந்து வாயைப் பொத்தினாள்.

ஜெபராணி அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். "விடுங்கக்கா! சொல்லட்டும்!"

"எனக்கு டீச்சர் வேணும்மா" என்றாள் அந்தப் பெண். கண்கள் கலங்கியிருந்தன. "இவ இன்னும் சோத்த முழுங்கவே கத்துக்கல."

ஜெபராணி சிறுமியின் முன்னால் குனிந்தாள். "நீ சொல்லு கண்ணு. என்ன வந்துச்சு?"

சிறுமி அவளையே பார்த்தாள். பிறகு தன் சின்ன உள்ளங்கையால் தானே வாயைப் பொத்திக்கொண்டாள்.